முட்டைக்குக் கமிஷன் கிடையாது

தமிழ்நாட்டில் நூலகம் இல்லாத ஊர் உண்டு. தண்ணீர் வராத வார்டு உண்டு. நீல விளக்கும் நிலைக்கண்ணாடியும் வைத்த ஜிம் மட்டும் தெருவுக்குத் தெரு உண்டு. நல்லதுதான். பையன்கள் டாஸ்மாக் வாசலில் நிற்பதைவிட தண்டால் எடுக்கட்டும். நம் சண்டை இரும்போடு இல்லை. இரும்புக்குப் பக்கத்தில் நிற்கும் அலமாரியோடு.

அலமாரி நிறைய டப்பாக்கள். மேலே மின்னல், சிங்கம், மண்டை ஓடு. உள்ளே தர்பூசணி வாசனை ஏற்றிய பொடி. பெயர் பி.சி.ஏ.ஏ. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்று மூன்று அமினோ அமிலங்கள். விலை ஆயிரத்தைத் தாண்டும். விற்பவர் பயிற்சி கொடுக்கும் அதே மாஸ்டர். "ரிக்கவரி பத்தல ப்ரோ" என்று குறை கண்டுபிடிப்பவரும் அவர். அந்தக் குறைக்குப் பொடி எடுத்து நீட்டுபவரும் அவர். ஜிம் சந்தா வாடகைக்கே பத்தவில்லை என்பது அவர் கஷ்டம். அதைத் தீர்க்கும் பொறுப்பு, டெலிவரி வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து எடை தூக்கும் பையனின் தலையில்.

பையன் கேள்வி கேட்பதில்லை. கேட்டால், "எல்லாம் சயின்ஸ் ப்ரோ" என்று பதில் வரும். சரி, சயின்ஸையே கேட்போம்.

நம் தசைப் புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9ஐ உடலால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். டப்பாவில் இருப்பது அந்த ஒன்பதில் மூன்று. மீதி ஆறு எங்கே என்றால் சிங்கம் வாய் திறப்பதில்லை.

லியூசினுக்கு ஒரு திறமை உண்டு. தசையைக் கட்டும் வேலையைத் தொடங்கு என்று உடலுக்கு உத்தரவு போடுவது அதுதான். ஆனால் மேஸ்திரி விசில் அடித்தால் மட்டும் சுவர் எழும்பிவிடுமா? செங்கல் யார் கொடுப்பது? வெறும் வயிற்றில் இந்த மூன்றை மட்டும் குடித்தால், மீதி ஆறுக்காக உடல் தன்னிடம் உள்ள புரதத்தையே உடைத்தாக வேண்டும். பின்கட்டுச் சுவரை இடித்து முன்கட்டுச் சுவர் எழுப்பும் கட்டடக்கலை இது. இதற்கு மாதாமாதம் மேஸ்திரி கூலி வேறு.

2017ல் ராபர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய ஆராய்ச்சிகளைத் தோண்டிப் பார்த்தார். பி.சி.ஏ.ஏ.வை மட்டும் வாய்வழியாகக் கொடுத்து, மனிதர்களின் தசைப் புரத உற்பத்தி எவ்வளவு கூடியது என்று அளந்த ஆய்வு ஒன்றுகூட அவர் கையில் சிக்கவில்லை. நரம்பு வழியாக ஏற்றி அளந்த ஆய்வுகள் இரண்டு சிக்கின. இரண்டிலும் உற்பத்தி குறைந்திருந்தது. அச்சுப் பிழை இல்லை. குறைந்திருந்தது. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க விற்ற சரக்குக்கு இதுதான் ஜாதகம்.

அதே ஆண்டு பிரிட்டனில் இருந்து வேறொரு ஆய்வு வந்தது. எடைப் பயிற்சிக்குப் பிறகு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்தார்கள். வெற்றுப் பானம் குடித்தபோது இருந்ததைவிடத் தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியது. விற்பவர்கள் உரக்கச் சொல்ல விரும்பும் எண் இது. மெல்ல விழுங்கும் தகவல்கள் இரண்டு. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 10 ஆண்கள். முழுப் புரதம் கொடுத்தால் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான் இந்தப் பலன். அரை வேலைக்கு முழுக் கூலி கேட்கிறது டப்பா.

இன்னொரு வேடிக்கை. அலமாரியின் மேல்தட்டில் வே புரோட்டீன் இருக்கிறது. அதன் புரதத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதே மூன்று அமிலங்கள்தான். அதை வாங்கும் பையனிடமே கீழ்த்தட்டில் இருக்கும் பி.சி.ஏ.ஏ.வும் விற்கப்படுகிறது. ஒரே பொருளை ஒரே ஆளிடம், ஒரே நாளில், இரண்டு முறை. ரேஷன் கடையில் இப்படிச் செய்தால் சாலை மறியல். ஜிம்மில் செய்தால் காம்போ ஆஃபர்.

இப்போது முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒன்பது அமிலங்களும் உண்டு. நாலு முட்டை சாப்பிட்டால் ஒரு ஸ்கூப்பில் இருக்கும் 5 கிராம் பி.சி.ஏ.ஏ. வந்துவிடுகிறது. மீதி ஆறும் கூடவே வருகிறது. முட்டை வேண்டாதவர்களுக்குப் பால் இருக்கிறது, தயிர் இருக்கிறது, பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை இருக்கிறது. நாமக்கல் முட்டை விலை பேப்பரில் வருகிறது. ஐந்து காசு ஏறினாலும் செய்தி. டப்பா விலை எத்தனை நூறு ஏறியது என்று எந்தப் பேப்பராவது எழுதியதுண்டா? நம் சத்துணவில் குழந்தைகளுக்கு வாரம் ஐந்து முட்டை. அந்தத் திட்டத்தில் ஒரே சிரமம், முட்டை மேல் யார் படத்தை ஒட்டுவது என்பதுதான். புரதத்தைப் பற்றி இந்த மாநிலத்துக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் முட்டைக்கு விகிதம் கிடையாது. மாம்பழ ஃப்ளேவர் கிடையாது. முக்கியமாக, மாஸ்டருக்குக் கமிஷன் கிடையாது.

டப்பாவுக்கு விகிதம் உண்டு. முதலில் 2:1:1 என்று போட்டார்கள். லியூசின் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு. பக்கத்துக் கம்பெனி 4:1:1 என்றது. அடுத்தவன் 8:1:1. அதற்கும் அடுத்தவன் 12:1:1. தேர்தல் நேரத்து இலவச அறிவிப்பு மாதிரியே ஏலம் ஏறியது. ஒன்பதும் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துச் சொன்ன பிறகு கம்பெனிகள் என்ன செய்தன? விற்றது தப்பு என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தனவா? ஒன்பதும் போட்ட புது டப்பாவை இறக்கின. பெயர் இ.ஏ.ஏ. விலை அதைவிடக் கூடுதல். பழைய டப்பாவும் அதே அலமாரியில் இருக்கிறது. பொய்யும் விற்பனைக்கு, திருத்தமும் விற்பனைக்கு.

மற்ற வாக்குறுதிகளையும் மற்ற டப்பாக்களையும் திறந்து பார்த்துவிடுவோம்.

களைப்பே வராது என்பது ஒரு வாக்குறுதி. மூளைக்குள் டிரிப்டோஃபான் என்ற இன்னொரு அமினோ அமிலம் நுழைவதை பி.சி.ஏ.ஏ. தடுக்கும், அதனால் சோர்வு தள்ளிப்போகும் என்பது கோட்பாடு. கேட்க அழகாக இருக்கிறது. பழகிய வீரர்கள் 10 பேரை சைக்கிளில் ஏற்றிக் களைத்து விழும்வரை மிதிக்கவிட்டு, 1995லேயே சோதித்தார்கள். பொடி குடித்தும் கூடுதலாக ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. அந்த முடிவு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளே இன்று ஜிம் மாஸ்டர்கள். வாக்குறுதி மட்டும் இன்னும் சாகவில்லை.

குளூட்டமின் தசையை ஏற்றும் என்பார்கள். 2001ல் கனடாவில் 31 இளைஞர்களை ஆறு வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்து, ஒரு பிரிவுக்கு குளூட்டமின், இன்னொரு பிரிவுக்கு வெறும் மாவுப்பொடி கொடுத்தார்கள். பலத்திலும் தசையிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. அர்ஜினின் ரத்தக்குழாயை விரித்து 'பம்ப்' கொடுக்கும் என்பார்கள். ஆரோக்கியமான இளைஞர்களிடம் சோதித்தபோது ரத்த ஓட்டம் அசைந்து கொடுக்கவில்லை. கண்ணாடி முன் நிற்கும்போது தெரியும் பம்ப், இரும்பு தூக்கியதால் வந்தது. பாராட்டு மட்டும் பொடிக்கு.

உச்சக்கட்ட நகைச்சுவை எச்.எம்.பி. லியூசின் உடலில் சிதையும்போது வரும் பொருள். 2014ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இதைச் சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் கொழுப்பில்லா உடல் எடை சராசரியாக 7.4 கிலோ கூடியதாம். 1996ல் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, பயிற்சியும் செய்தவர்களுக்கு 10 வாரத்தில் கூடியது 6.1 கிலோ. விளையாட்டில் தடைசெய்த ஊசியைவிட, கடையில் கிடைக்கும் பொடி பலசாலி! ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்று பார்த்தால், எச்.எம்.பி. வியாபாரத்தில் இருக்கும் கம்பெனி. சக விஞ்ஞானிகளே இந்த எண்களை நம்ப முடியவில்லை என்று அதே துறை இதழ்களில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த 7.4 கிலோ எங்கேயோ கரைந்துபோனது.

எல்லாமே பித்தலாட்டமா? இல்லை. அதையும் சொல்லிவிடுவோம். 2018ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய நிபுணர் குழு, விளையாட்டுத் திறனுக்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஒரு பட்டியல் கொடுத்தது. காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட். மொத்தம் ஐந்து. காஃபின் நம் காபியில் இருக்கிறது. நைட்ரேட் பீட்ரூட்டில் இருக்கிறது. பைகார்பனேட் என்பது ஆப்ப சோடா. கிரியேட்டின் மூன்று அமினோ அமிலங்களிலிருந்து நம் உடலே தயாரிப்பது. தினம் 3 முதல் 5 கிராம் போதும். அலமாரியிலேயே விலை குறைவான சரக்குகளில் அதுவும் ஒன்று. பீட்டா அலனின் அரை நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை மூச்சைப் பிடித்துச் செய்யும் முயற்சிகளில் சின்னதாக உதவும். பல வாரம் விடாமல் எடுக்க வேண்டும். குடித்ததும் தோலில் எறும்பு ஊறுவது மாதிரி இருக்கும். அந்த ஊறலைத்தான் நம் பையன்கள் 'பவர் ஏறுது' என்று எண்ணிக்கொள்கிறார்கள். பி.சி.ஏ.ஏ. அந்த ஐவரில் இல்லை. குளூட்டமினும் இல்லை. அர்ஜினினும் இல்லை. பயிற்சிக்கு மறுநாள் வரும் வலியை பி.சி.ஏ.ஏ. கொஞ்சம் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கொஞ்சத்துக்கு ஆயிரம் ரூபாய் அதிகம்.

இதுவரை பேசியது, டப்பாவில் எழுதியது டப்பாவுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் வேண்டாமா?

புரதத்தை அளக்க உலகம் இன்னும் நம்பியிருப்பது 1883ல் டென்மார்க்கின் பீர் ஆலை ஆய்வகத்தில் ஜோஹன் கெல்டால் கண்டுபிடித்த முறை. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்கிறது. திருடனுக்கு இது போதும். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தை 100 கிராம் கொட்டினால், கணக்கில் 117 கிராம் 'புரதம்' வருகிறது. நூறு போட்டு நூற்றுப் பதினேழு எடுக்கும் இந்த வித்தையைச் சீட்டுக் கம்பெனிகள்கூடக் கற்கவில்லை. இந்தக் கலப்படத்துக்குத் தொழிலில் 'அமினோ ஸ்பைக்கிங்' என்று கௌரவமான பெயர். இதே ஓட்டை வழியாகத்தான் 2008ல் சீனாவில் பால் பவுடருக்குள் மெலமின் நுழைந்தது. அதில் நைட்ரஜன் இன்னும் அதிகம். ஆறு குழந்தைகள் செத்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. உலகம் அதிர்ந்தது. பிறகு ஷேக்கரைக் குலுக்கியது.

நம் நாட்டுக் கதை என்ன? கேரள மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் அவர் குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024ல் 'மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதப் பொடிகளில் புரதம் பற்றி டப்பா சொன்னது தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். இதை ஒரு மருத்துவர் குழு செய்ய வேண்டியிருந்தது. சட்டம், அலுவலகம், ஆய்வகம், அதிகாரி, ஜீப் எல்லாம் வைத்திருக்கும் அரசு அதுவரை என்ன சோதித்துக்கொண்டிருந்தது? தள்ளுவண்டிக்காரரின் பஜ்ஜி எண்ணெயை.

அமினோ அமிலம்தானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1989ல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியோடு விழுந்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரல் ஒரு ஜப்பானியத் தயாரிப்பாளரின் சரக்கை நோக்கி நீண்டது. ஐந்தே ஆண்டில், 1994ல், அமெரிக்க நாடாளுமன்றம் துணை உணவுகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடுமையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். பொருள் பலன் தரும் என்று விற்கும் முன் நிரூபிக்கத் தேவையில்லை என்றது அந்தச் சட்டம். பிணம் விழுந்தால் கதவைச் சாத்துவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர்கள் கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

இனி, நம் சட்டம். டப்பாவில் பொய் எழுதினால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் 3 லட்ச ரூபாய். ஏமாற்றும் விளம்பரத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம். விளம்பரத்தில் சட்டையைக் கழற்றும் நட்சத்திரம் அரை நாளில் வாங்கும் சம்பளத்துக்கு எதிரில் இது டீச்செலவு.

அதே டப்பாவை நம்பிக் குடித்த கபடிப் பையனுக்கு என்ன தண்டனை? ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைச் சோதித்து 2004ல் முடிவு சொன்னது. ஹார்மோன் எதுவும் இல்லை என்ற பெயரில் விற்றவை அவை. அவற்றில் 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. அப்படி ஒரு டப்பா நம் பையன் கையில் கிடைத்து, சிறுநீர்ச் சோதனையில் மாட்டினால், ஊக்கமருந்து விதி முதலில் அவனைத்தான் பிடிக்கும். உடலுக்குள் போனதற்கு அவனே பொறுப்பு. நான்கு ஆண்டுத் தடை வரலாம். டப்பாதான் கெட்டது என்று நிரூபிக்கும் வேலையும் அவனுடையது. ஆய்வகச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் அவனுடையது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை போச்சு. ஊரில் மானம் போச்சு. பொய் எழுதியவனுக்குச் சில லட்சம். அதை நம்பியவனுக்கு நான்கு வருட வாழ்க்கை. இதற்குப் பெயர் ஒழுங்குமுறையாம்.

2023ல் இந்தியாவில் ஊக்கமருந்துக்காக வீரர்களின் 5,606 மாதிரிகளைச் சோதித்தார்கள். 200க்கும் மேல் சிக்கின. ஐயாயிரத்துக்கு மேல் சோதனை நடத்திய நாடுகளில் மோசமான விகிதம் நமக்குத்தான். பதக்கப் பட்டியலில் எட்டாத முதலிடம் இந்தப் பட்டியலில் எட்டியது. எல்லாம் பொடியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே ஊசி போட்டுக்கொண்டு பொடியின் மேல் பழி போடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தச் சாக்கு கிடைப்பதே, எந்த டப்பாவையும் யாரும் நம்ப முடியாத நிலை இருப்பதால்தான். கலப்படக்காரன் திருடனுக்கும் சேர்த்தே சாட்சி சொல்கிறான்.

2024 மே மாதம் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளை எடுக்க வேண்டாம் என்றது. அவற்றில் சேரும் சர்க்கரை, செயற்கைச் சுவையூட்டிகள் பற்றி எச்சரித்தது. சொன்னது அரசு நிறுவனம். அந்த அரசே உரிம எண் கொடுத்த டப்பாக்கள் அதே வாரமும் அலமாரியில் பளபளத்தன. ஒரு கை வேண்டாம் என்று எழுதுகிறது. இன்னொரு கை முத்திரை குத்துகிறது. மூன்றாவது கை ஒன்றும் உண்டு. அது வரி வாங்குகிறது.

விளையாட்டு அமைச்சர்கள் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் முன்னால் 'நம் மண்ணின் மைந்தர்கள்' என்று முழங்குகிறார்கள். மைந்தன் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஓடினான் என்று கேட்க நேரமில்லை. ஜெயித்தால் கோடி ரூபாய்க் காசோலை, மாலை, புகைப்படம். ஜெயிப்பதற்கு முன்னால் அவனுக்குத் தேவைப்பட்டது வயிறார ஒரு வேளைச் சோறு, பருப்பு, பால். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவர் ஒருவர்தான். கையில் டப்பாவோடு.

அரசு செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு பேட்சையும் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கட்டும். முடிவை யாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பொய் லேபிளுக்கான அபராதத்தை விற்பனைத் தொகையின் சதவீதமாக மாற்றட்டும். கலப்பட டப்பாவால் ஒரு வீரன் தடை வாங்கினால், அதை விற்றவனும் நான்கு ஆண்டு கடையைச் சாத்தட்டும். பொறுப்பு என்ற சொல் சிறுநீர் கொடுத்தவனுக்கு மட்டும் உரியதில்லை.

இதெல்லாம் எப்போது நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவரை டப்பாவை நீட்டும் மாஸ்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். "இந்த பேட்சுக்கு லேப் ரிப்போர்ட் எங்கே?" இருந்தால் எடுத்துக் காட்டுவார். இல்லையென்றால், "நம்பி வாங்கு ப்ரோ" என்பார். நம்பிக்கையைக் கோயில் உண்டியலில் போடுங்கள். பணத்தை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு கொடுங்கள்.